பாஸாவில் இருந்து வியன்னா, கல்லடியில் இருந்து பொத்துவில்

நான்: சின்னண்ணா, நீங்கள் டான்யூப் ஆற்றோரம் சைக்கிளில் போன படமெல்லாம் பார்த்தாச்சு. இனி விசயத்துக்கு வாங்க. நானும் இரண்டு கூட்டாளிமாரும் அடுத்த கிழமை மட்டக்களப்பு கல்லடியில் இருந்து சைக்கிளில் பொத்துவிலுக்குப் போவதென்று இருக்கிறோம். எதைக் கொண்டு போக, எதை விட்டுவிட்டுப் போக?

பெரியம்மா: பொத்துவிலுக்கு பஸ் ஓடுதுதானே மனே.

சின்னண்ணா: அம்மா கொஞ்சம் பொறுங்க 😄
தம்பி, பாரம்தான் முதல் விசயம். பாஸாவில் வெளிக்கிடும்போது என் சைக்கிளில் 24 கிலோ சாமான். பாஸா ஜெர்மனி முடிகிற இடத்தில், டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறு சேருகிற ஊர். அங்கிருந்து ஆற்றோரமாகவே வியன்னாவுக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் பாதை இருக்கு, ஆறு ஓடுகிற பக்கமே நாமும் போவதால் பெரிய ஏற்றம் கிடையாது, அதனால் எவ்வளவையும் கட்டலாம் என்று நினைத்துவிட்டேன். முதல் நாள் பின்னேரமே முழங்கால் பிடித்துக்கொண்டது. வழியில் லின்ஸ் நகரில் தபாற்கந்தோர் தேடிப் போய் ஜீன்ஸ், இரண்டாவது சப்பாத்து, மடிக்கிற கதிரை, ஒரு மொத்தப் புத்தகம் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு வீட்டு விலாசத்துக்கே அனுப்பினேன். ஏழு கிலோ குறைந்தது. அதற்குப் பிறகுதான் சைக்கிள் சைக்கிளாக ஓடினது.

பெரியம்மா: கதிரை எதுக்கு என்று நான் போனிலேயே கேட்டேன். கதிர்காமத்துக்கு நடந்து போகக்குள்ள என்னட்ட இருந்தது மாற்றுச் சீலை இரண்டு, ஒரு பெட்சீட், அரிசி, பருப்பு, உப்பு, தேயிலை. உகந்தை தாண்டிக் காட்டுக்குள் இறங்கினால் கடை கண்ணி ஒன்றும் இல்லை, அப்படியும் கொண்டு வந்ததில் பாதியை வழியில் ஆருக்கும் கொடுத்துவிட்டு நடந்த ஆக்கள் இருக்கு.

மாமா கல்முனை: அக்கா, நீங்க பெரிய சட்டி ஒன்றும் தூக்கினீங்க.

பெரியம்மா: அதில் பதினொரு பேர் சாப்பிட்டாங்க தம்பி. நீயும்தான்.

மச்சாள்: தண்ணிக்கு என்ன செய்தீங்க மச்சான்?

சின்னண்ணா: சொன்னால் அம்மா ஏசுவா.

பெரியம்மா: சொல்லு.

சின்னண்ணா: மயானத்தில் பிடித்தேன். அங்க கல்லறைப் பூவுக்குத் தண்ணி ஊற்றவென்று ஒவ்வொரு மயானத்திலும் குழாய் வைத்திருக்காங்க, அனேகமாக ஊருக்கு வருகிற அதே தண்ணிதான். குடிக்க ஏலாத இடத்தில் ‘கைன் ட்ரிங்வாசர்’ என்று எழுதியிருக்கும். தேவாலயக் கோபுரம் தெரிந்தால் பக்கத்தில் மயானம், மயானம் இருந்தால் போத்தல் நிறையும்.

பெரியம்மா: முருகா. குளித்தியா பிறகு?

சின்னண்ணா: ஞாயிற்றுக்கிழமையைத்தான் மறந்துபோனேன். ஆஸ்திரியாவில் சனி பின்னேரம் ஆறு மணிக்குக் கடை பூட்டினால் இனித் திங்கள்தான். என்னிடம் இருந்தது அரைப் பாண். நல்ல காலம், அப்ப வாகாவ் பள்ளத்தாக்குக்குள் நின்றேன், அங்க ஜூலையில் அப்ரிகொட் பழுக்கும், ‘மரில்லே’ என்று சொல்லுவாங்க, தோட்டத்து வாசலில் வைத்து விற்றாங்க. நாள் முழுக்கப் பழம். அடுத்த நாள் வயிற்றுக்கதை வேண்டாம்.

மாமா கல்முனை: மருமகன், படுக்கை எப்படி?

சின்னண்ணா: முதல் இரவு குளிர் என்று டென்டின் எல்லா ஓட்டையையும் இழுத்துப் பூட்டினேன் மாமா. விடியக்குள்ள உள்ளுக்கு மழை பெய்த மாதிரி. நம்முடைய மூச்சில் இருக்கிற ஈரம்தான் குளிர்ந்த துணியில் பட்டுச் சொட்டுது. ஆற்றோரப் பள்ளத்தில் வேறு அடித்திருந்தேன். பிறகு மேட்டில் அடித்து, இரண்டு பக்கமும் திறந்து வைத்துப் படுத்தேன். கண்ட இடத்தில் அடிக்கவும் சட்டம் விடாது, அதனால் அனேகமாகக் காசு கட்டிற முகாம்தான்.

மாமா கல்முனை: வயல் காவலுக்குப் பரணில் படுத்தவனைக் கேட்டிருந்தால் சும்மா சொல்லியிருப்பான் 😂

சின்னண்ணா: ஓம் மாமா.
இன்னொன்று, அந்தப் பஞ்சு வைத்த காற்சட்டை போட்டால் உள்ளுக்கு ஒன்றும் போடக்கூடாது, தையல் உரசி

மச்சாள்: இது குடும்பக் குழு 🙈

சின்னண்ணா: புண்ணாகிப் போய் ஒரு நாள் முழுக்க நின்றுகொண்டு உழக்கினேன், அதுதான் சொல்றேன்.

நான்: எங்களிடம் சாறனும் லுமாலா சைக்கிளும்தான்.

சின்னண்ணா: அது காணும். டியூப் ஒன்று, ஒட்டுச் சாமான், பம். பம் உன் டியூப்பின் வால்கட்டைக்கு (வால்வு) பொருந்துதா என்று வீட்டிலேயே அடித்துப் பார். நான் பார்க்காமல் கொண்டு போய், காற்றுப் போன இடத்தில் ஐந்து கிலோமீற்றர் தள்ளினேன்.
ஸ்லோகன் என்ற இடத்தில் ஆறு அப்படியே வளைந்து திரும்புது, சைக்கிளோடு ஏற்றி அக்கரைக்கு விடுகிற படகு இருக்கு. ஏறினதும் நம்முடைய மண்டூர்ப் பாதை, அந்த ஆள் ஏற்றுகிற மிதவை, ஞாபகம் வந்தது.

மாமா கல்முனை: மருமகன்மார் கவனியுங்க. இது கச்சான் காற்றுக் காலம், வெயில் ஏறினால் காற்றும் சேர்ந்து முகத்தில் அடிக்கும். கல்லடியால் நாலு மணிக்கு வெளிக்கிட்டு எட்டுக்கு முதல் கல்முனைக்கு வாங்க, இங்க சாப்பாடு. இரவு திருக்கோவிலில் நில்லுங்க. 100 கிலோமீற்றருக்கு மேல இருக்கு, ஒரே நாளில் வேண்டாம். ஆனால் அடுத்த நாள் நாலு மணிக்கு வெளிக்கிட வேண்டாம், கோமாரிப் பக்கம் யானை. நல்லா விடியட்டும்.

நான்: நல்லா விடிய என்றால் எத்தனை மணி மாமா?

மாமா கல்முனை: பஸ் ஓடத் தொடங்கட்டும். பஸ்ஸுக்குப் பின்னால போங்க.

பெரியம்மா: பஸ்ஸுக்குப் பின்னால போறதுக்குப் பஸ்ஸுக்குள்ளேயே போகலாமே.

மச்சாள்: 😂😂😂

பெரியம்மா: சரி போங்க. திருக்கோவிலில் எனக்கு ஒரு அர்ச்சனை செய். சின்னவன், அந்தக் கதிரை இப்ப எங்க?

சின்னண்ணா: வீட்டில், பெட்டி பிரிக்காமல் கிடக்கு அம்மா.

பெரியம்மா: வரக்குள்ள கொண்டு வா. பின்னேரத்தில் வாசலில் போட்டு இருக்க எனக்கு ஒன்று தேவை.