மூன்று மளிகைக் கடைக்கு வேண்டியது பிக் டேட்டாவா, பி.ஐ.யா?

கடைக்காரர் மகள், ஜார்ஜ்டவுன்

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில் அப்பா ஆரம்பித்த மளிகைக் கடை. இப்போது பட்டர்வொர்த்திலும் பிறையிலும் ஒவ்வொன்று இருக்கிறது. கணக்கு முழுக்க என் கையில். கடைக்கு நாளொன்றுக்கு 600 பில் போல ஓடும். போன வாரம் ஒரு நிறுவனத்தார் வந்து, உங்களுக்கு பிக் டேட்டாதான் சரி என்று மாதம் 2,800 வெள்ளி (ரிங்கிட்) விலை சொல்லிவிட்டுப் போனார்கள். வேறொருவர் பிசினஸ் இன்டலிஜென்ஸ் (பி.ஐ.) போதும் என்கிறார். இரண்டும் ஒன்றுதானா?

எனக்குத் தெரிய வேண்டியது, எந்தக் கடையில் எந்தச் சரக்கு தேங்குகிறது, தைப்பூசத்துக்கு எத்தனை தேங்காய் இறக்குவது என்பதுதான். போன தைப்பூசத்தில், தேர் புறப்படுவதற்கு முன்பே தேங்காய் தீர்ந்துபோய் ஜனங்களைத் திருப்பி அனுப்பினோம். அப்பாவுக்கு இன்னும் அது ஆறவில்லை.

பாயான் லெப்பாஸ் டேட்டாக்காரன்

சகோதரி, உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 600 பில், மூன்று கடை, சரக்குக்கு ஒரு வரியாகப் பில்லுக்கு 8 வரி என்று வைத்தால் நாளொன்றுக்கு 14,400 வரி. வருஷத்துக்கு ஐம்பது லட்சத்தைத் தாண்டும். எக்செலில் ஒரு ஷீட்டுக்கு 1,048,576 வரிதான், இரண்டரை மாதத்தில் நிரம்பிவிடும். அதைப் பார்த்துத்தான் பலர் நம்முடையது பிக் டேட்டா என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாதாரண டேட்டாபேஸ் இதை அலட்டாமல் தாங்கும். ஒரு வருஷக் கணக்கும் ஒரு பென்டிரைவில் அடங்கும்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையைப் பாருங்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் சென்சார். சூட்டையும் அதிர்வையும் வினாடிக்குப் பல தடவை பதிவு செய்யும். கூடவே தயாராகும் ஒவ்வொரு சர்க்யூட் போர்டையும் கேமரா படம் பிடிக்கும். 2001இல் டக் லேனி என்ற ஆய்வாளர் டேட்டாவைப் பற்றிச் சொன்ன அளவு, வேகம், வகை மூன்றும் சேர்ந்து நெருக்குகிற இடம் அது; அதைத்தான் பிக் டேட்டா என்கிறோம். ஒரே கணினியால் முடியாது, பலவற்றுக்குப் பிரித்துக் கொடுத்துத்தான் கணக்குப் போடுகிறோம். தேடுவதும் வேறு. எந்த மாதிரி அதிர்வு வந்தால் இயந்திரம் நிற்கப்போகிறது என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது, குவியலைக் கிளறித்தான் பிடிக்க வேண்டும். கிடைப்பதும் ஒரு வாய்ப்புக் கணக்குதான், உறுதியான விடை அல்ல.

அதே தொழிற்சாலையில் மேனேஜர் காலையில் திறந்து பார்ப்பது, நேற்று எத்தனை போர்டு தேறியது என்கிற பி.ஐ. அறிக்கையை. உங்களுக்கு அதுதான் வேண்டும். உங்கள் கேள்வி உங்களுக்கே தெரியும், பதில் பில்லிலும் ஸ்டாக்கிலும் கிடக்கிறது. ஒழுங்குபடுத்தி எடுத்துக் காட்டினால் போதும்.

பிரிக்பீல்ட்ஸ் ஜவுளிக்கடை

தம்பி சொன்னது சரி. ஆனால் அம்மா, மென்பொருள் வாங்குவதற்கு முன் சரக்குப் பெயர்களைப் பாருங்கள். எங்கள் கடையில் ஒரே வேட்டி நான்கு பெயரில் இருந்தது. விற்பனையைத் திரையில் தொகுத்துக் காட்டும் டேஷ்போர்டு வந்த முதல் மாதம் அந்த வேட்டி விலைபோகவில்லை என்று காட்டியது, நாங்களும் நம்பிக் கொள்முதலைக் குறைத்தோம். அப்புறம் பண்டிகை நேரத்தில் அலைந்தோம்.

இன்னொன்று, மாதத்தோடு மாதம் ஒப்பிடாதீர்கள். தைப்பூசம் 2024இல் ஜனவரி 25, 2025இல் பிப்ரவரி 11. ஜனவரிக்கு ஜனவரி பார்த்தால் வியாபாரம் விழுந்த மாதிரி தெரியும். தைப்பூசத்துக்கு முந்தைய பத்து நாளை, அதற்கு முந்தைய வருஷத்துப் பத்து நாளோடு வைத்துப் பாருங்கள். தீபாவளிக்கும் அப்படியே. இந்தத் தேதிகளைத் தனிப் பட்டியலாக உள்ளே போடச் சொல்லுங்கள். கேட்டால்தான் செய்வார்கள்.

கடைக்காரர் மகள், ஜார்ஜ்டவுன்

அண்ணனுக்கும் ஐயாவுக்கும் நன்றி. நேற்று இரவு மூன்று கடைப் பட்டியலையும் அச்செடுத்துத் தரையில் பரப்பி உட்கார்ந்தேன். துவரம்பருப்பு ஒரு கிலோ இங்கே "து.பருப்பு 1கி", பட்டர்வொர்த்தில் "பருப்பு துவரை", பிறையில் "டால் 1".

தேங்காய் பிறையில் "கெலாப்பா" என்று மலாயில் பதிவாகியிருக்கிறது. தேங்காய் என்று தேடி எடுத்த கணக்கில் பிறையில் விற்றது ஒரு காய்கூடச் சேரவில்லை. அதை வைத்துத்தான் போன தைப்பூசத்துக்கு ஆர்டர் கொடுத்தேன். காலையில் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவரே சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டார். அரிசி வகை வரைக்கும் வந்திருக்கிறோம்.