டின்டினிட் கூடு மட்டும் வருது, உள்ளே உயிரி இல்லை – அவசர உதவி

கூடல்பையன்:
வணக்கம். எம்.எஸ்சி. விலங்கியல், மதுரை. கடல் டின்டினிட் வகைப்பாடுதான் புராஜெக்ட், அதாவது கூடு கட்டி அதுக்குள்ள வாழுற சிலியேட் (குறு இழையுள்ள ஒருசெல் உயிரி). மண்டபத்துல எடுத்த சாம்பிள். ஸ்லைடு போட்டா குடுவை மாதிரி கூடு நிறைய இருக்கு, உள்ள செல் இல்லை. நீளத்தை வெச்சுக் கீ-யில (இனம் கண்டுபிடிக்கிற அட்டவணை) போனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இனத்துல போய் நிக்குது. வேற சிலியேட் ஒண்ணுகூட காணோம். திங்கக்கிழமை கைடுகிட்ட காட்டணும். படம் போட்டிருக்கேன். என்ன இனம்னு சொல்லுங்க, ப்ளீஸ்.

வைகைக்கரையான்:
படத்துல ஸ்கேல் எங்க தம்பி? எத்தனை எக்ஸ்ல பாத்தீங்க? வலைக் கண் (மெஷ்) எவ்வளவு? எதுல பதப்படுத்தினீங்க?

உசிலை டீச்சர்:
எனக்கு மகரந்தம்னு தோணுது. கரையோரம் பூராம் பனையும் சவுக்கும். காத்துல பறந்து தண்ணியில விழுந்திருக்கும். பசங்களுக்கு ஸ்லைடு காட்டுறப்ப இப்படி எம்புட்டோ ஏமாந்திருக்கோம்.

இறால்பண்ணை_தொண்டி:
மகரந்தத்துக்கு ஏது டீச்சர் வாய்? அது ஜூதாம்னியம், ஒட்டி வாழுற சிலியேட். எங்க குட்டையில இறால் செவுள்ல, ஓட்டுல அப்பிக்கிட்டு உசுரை வாங்கும். தண்ணியில கழிவு கூடிருச்சுன்னு அர்த்தம்.

வைகைக்கரையான்:
அண்ணே, ஜூதாம்னியத்துக்குக் காம்பு உண்டு, கூட்டமா இருக்கும், கூடு கிடையாது. உங்களுக்கு எல்லாமே ஜூதாம்னியம்தான்.

மண்டபத்தான்:
கேள்வியே சரியில்லை. மண்டபம்னா எது, வடகடலா தென்கடலா? ரெண்டுக்கும் நடுவுல ரோடுதான், ஆனா தண்ணி வேற. எந்த மாசம்? வாடை வீசுறப்ப வடகடல் கலங்கி அடிச்சேறு மேல வந்துரும். சேத்துல கிடக்கிற செத்த கூடும் கூடவே வரும். இதையெல்லாம் எழுதாம இனம் கேக்குறது, ஜோசியர்கிட்ட பிறந்த நேரம் சொல்லாம பலன் கேக்குறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கடல்னா பாட்டில்ல வர்ற தண்ணி.

கூடல்பையன்:
வடகடல் சார். டிசம்பர். மெஷ் 60 மைக்ரான். பார்மலின்.

வைகைக்கரையான்:
பார்மலினை எப்ப ஊத்தினீங்க? படகுலயா, மதுரை வந்தப்புறமா?

கூடல்பையன்:
லேப்ல வந்துதான். பஸ்ல கொண்டுவந்தேன்.

மதுரை_பிளாங்டன்:
அப்ப விஷயம் பாதி முடிஞ்சது தம்பி. டின்டினிட் கூட்டோட அடியில ஒரு காம்பால ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கும். அதைத் தொந்தரவு பண்ணினா கூட்டை விட்டுட்டுப் போயிரும். வலையில இழுத்து, மூடின பாட்டில்ல மண்டபத்துல இருந்து மாட்டுத்தாவணி வரைக்கும் குலுக்கிக் கொண்டுவந்தா எது தங்கும்? அதுவும் வலைச் சாம்பிள்ல கோப்பிபாடுங்கிற குட்டி ஓட்டுடலி நெருக்கமா இருக்கும், அதுக்குச் சிலியேட்டும் சாப்பாடுதான்.

வேற சிலியேட் ஏன் இல்லைங்கிறதுக்கும் இதேதான் பதில். ஸ்ட்ராம்பிடியம் மாதிரி கூடு இல்லாதது வலையிலேயே நசுங்கும், மிச்சம் பார்மலின்ல கரையும். அதுக முழுக்க ஸ்பைரோட்ரிகியா வகுப்பு, டின்டினிட்டுக்குச் சொந்தக்காரங்க. கடலோரத்துல எண்ணிக்கையில பெரும்பாலும் அதுகதான் அதிகம், கூடு உள்ளது கொஞ்சம். நீங்க பாத்தது எது தப்பிச்சு நின்னுச்சோ அதை. 60 மைக்ரான் மெஷ்ல சின்னக் கூடும் போயிருக்கும், 20 மைக்ரான் வேணும்.

அடுத்த தடவை வலையே வேணாம். ஒரு லிட்டர் தண்ணியை அப்படியே மொண்டு, அங்கேயே லூகால் அயோடின் 2 சதவீதம் வர்ற மாதிரி ஊத்துங்க. ஒரு நாள் ரெண்டு நாள் அசையாம வெச்சு, மேல் தண்ணியை மெதுவா உறிஞ்சி எடுத்துட்டு அடியில இருக்கிறதை எண்ணுங்க.

மண்டபத்தான்:
லூகால் ஊத்தினா எல்லாம் காப்பிக் கலர்ல ஆகும், கரு தெரியாது. முறையாப் பண்றவங்க போயின் கரைசல்ல பதப்படுத்தி புரோட்டார்கால் வெள்ளிச் சாயம் ஏத்துவாங்க. அப்பத்தான் குறு இழை வரிசை, பெருங்கரு, சிறுகரு எல்லாம் எண்ண முடியும்.

மதுரை_பிளாங்டன்:
சார், கூட்டுக்குள்ள ஒண்ணுமே இல்லாதவனுக்கு வெள்ளிச் சாயம் எதுக்கு? அதோட விலையைக் கேட்டா எந்தத் துறையும் வாங்கித் தராது.

வைகைக்கரையான்:
சாயம் எதுக்கு, டிஎன்ஏ இருக்கே. 18எஸ்ங்கிற மரபணு வரிசையைப் பாத்தா போதும். கூட்டை வெச்சு பேரு வைக்கிறது 1929ல கோஃபாய்டும் கேம்ப்பெல்லும் பண்ணின வேலை. டின்டினாப்சிஸ்னு ஒரே பேரினமா வெச்சிருந்த டின்டினிட்டுக மரபணு மரத்துல பல கிளையில சிதறிக் கிடக்கு.

மண்டபத்தான்:
அந்த வரிசை எந்த இனத்தோடதுன்னு பேரு வைக்க ஒருத்தன் கூட்டைப் பாக்கணும்ல? கூட்டைப் பாக்கத் தெரியாதவன்தான் 18எஸ் பின்னாடி ஒளியுறான்.

வைகைக்கரையான்:
கூடே நம்பகம் இல்லைன்னுதானே சார் சொல்றேன். ஃபவெல்லாங்கிற டின்டினிட் அப்பப்ப வளையம் வளையமா வேற மாதிரி கூடு கட்டும். அந்த வடிவத்தைக் காக்ஸ்லியெல்லான்னு தனிப் பேரினமாவே வெச்சிருந்தாங்க. லாவல்-பியூட்டோங்கிற ஆய்வாளர் அதை உயிரோட வெச்சு அது கூடு கட்டுறதைக் கவனிச்சு 1981ல எழுதினப்புறமும் நாம பழைய கீ-யைப் பிடிச்சுத் தொங்குறோம்.

இறால்பண்ணை_தொண்டி:
சண்டை போடாதீங்கப்பா. பையன் இருக்கானா ஓடிட்டானா?

மதுரை_பிளாங்டன்:
தம்பி, இவங்க பேச்சு கிடக்கட்டும், திங்கக்கிழமைக்கு இதைப் பண்ணுங்க. நீளத்தை விடுங்க. ஒரே இனத்துலயே கூட்டோட நீளம் மாறும். வாய் விட்டம் அவ்வளவா மாறாது. ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் (அளவு பொறிச்ச ஸ்லைடு) வெச்சுக் கண்வில்லை அளவுகோல்ல ஒரு கோட்டுக்கு எத்தனை மைக்ரான்னு முதல்ல சரிபாருங்க. அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் மூணு விஷயம் எழுதுங்க: வாய் விட்டம், கூட்டுமேல மண்துகள் ஒட்டியிருக்கா இல்ல கண்ணாடியா இருக்கா, பின்முனை மூடியா திறந்தா. துகள் ஒட்டி, பின்னாடி திறந்திருந்தா லெப்ரோடின்டின்னஸ். மூடியிருந்தா டின்டினாப்சிஸ். கழுத்து மட்டும் கண்ணாடியா, கீழ துகளா இருந்தா கோடோனெல்லாப்சிஸ். ரெண்டு பக்கமும் திறந்த கண்ணாடிக் குழாய்னா யூடின்டின்னஸ்.

உசிலை டீச்சர்:
இது எங்க பசங்களுக்கும் காட்டலாம் போலயே. சாதாரணப் பள்ளி மைக்ரோஸ்கோப்ல தெரியுமா சார்?

மதுரை_பிளாங்டன்:
100 எக்ஸ்லயே தெரியும் டீச்சர்.

கூடல்பையன்:
அளந்தேன் அண்ணே. நீளம் 70ல இருந்து 110 மைக்ரான் வரைக்கும் போகுது, வாய் எல்லாம் 42க்கும் 46க்கும் நடுவுல. துகள் ஒட்டியிருக்கு, பின்னாடி மூடியிருக்கு. ஏழு இனம்னு எழுதினதை ஒண்ணா ஆக்கிரவா? கைடு திட்டுவாங்களா?

மதுரை_பிளாங்டன்:
ஒண்ணா ஆக்குங்க. இனப் பேரு போடாம டின்டினாப்சிஸ் எஸ்.பி.ன்னு (இனம் தெரியலைன்னு அர்த்தம்) மட்டும் எழுதி, அளவுப் பட்டியலும் ஸ்கேல் போட்ட படமும் வைங்க. வெறும் கூடுன்னும், பார்மலின் எப்ப ஊத்தினீங்கன்னும் முறைப் பகுதியில எழுதிருங்க.

மண்டபத்தான்:
எஸ்.பி. போட்டா வைவாவுல ஏன்னு கேப்பாங்க. பதில் இருக்கா?

வைகைக்கரையான்:
கேக்கட்டும் சார். 18எஸ் பண்ணலைன்னு சொல்லட்டும்.