வைரலாகுற டொனேஷன் சேலஞ்ச், ஹேஷ்டேக் எல்லாத்தாலயும் நெஜமாவே யாருக்காவது பயன் இருக்கா?

அரைத்தூக்கம்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஃப்ரெண்ட்ஸ் குரூப்ல ஒரு நோய்க்காக ஒரு சேலஞ்ச் ஓடிட்டு இருக்கு, வீடியோ எடுத்துப் போட்டுட்டு அடுத்து மூணு பேரை டேக் பண்ணணும், என்னையும் டேக் பண்ணிட்டாங்க. வந்த வீடியோ எல்லாத்தையும் உக்காந்து பார்த்தேன். ஒண்ணுல கூட எந்த அமைப்புக்குக் காசு அனுப்பணும், அந்த நோய் வந்தவங்களுக்கு என்ன ஆகும், எதுவுமே இல்ல, பேரு மட்டும் ஹேஷ்டேக்ல இருக்கு. இதைக் கேட்டதுக்கு "அவேர்னஸ் வந்தா போதாதா, ஒண்ணும் செய்யாம இருக்குறதுக்கு இது மேல் இல்லையா"ன்னு கேக்குறாங்க. அதுக்கு என்னால பட்டுனு பதில் சொல்ல முடியல, ஏன்னா அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு.

இது மாதிரி வைரல் ஆனதுல இதுவரைக்கும் உருப்படியா ஏதாவது நடந்திருக்கா? நடந்திருந்தா எதனால நடந்துச்சு? தெரிஞ்சவங்க கொஞ்சம் விவரமா சொல்லுங்க. சும்மா "எல்லாம் வேஸ்ட்"னு ஒரு வரி போட்டுட்டுப் போகாதீங்க ப்ளீஸ்.

கடல்நுரை:

நடந்திருக்குங்க. ஐஸ் பக்கெட் சேலஞ்ச் ஒண்ணே போதும். 2014ல தலைல ஐஸ் தண்ணி ஊத்திக்கிட்டாங்களே, அப்ப எல்லாரும் இதையேதான் சொன்னாங்க, வெறும் ஷோ, யாரும் காசு தரப் போறதில்லன்னு. ஆனா ஏ.எல்.எஸ்ங்கிற, தசை ஒண்ணொண்ணா செயலிழந்து போற நோய்க்காக அமெரிக்காவுல வேலை பார்க்குற ஏ.எல்.எஸ் அசோசியேஷனுக்கு மட்டும் அந்தச் சீசன்ல 11.5 கோடி டாலர் வந்துச்சு. முந்தின வருஷம் ஆகஸ்ட்டை ஒட்டின ஒரு மாசத்துல அவங்களுக்கு வந்தது 30 லட்சத்தைக் கூடத் தொடல. இந்த வித்தியாசத்தை வெச்சுப் பாருங்க.

வந்த காசுல பெரும் பங்கு, மூணுல ரெண்டு பங்கு, ஆராய்ச்சிக்குன்னு ஒதுக்கினாங்க. அதுல ப்ராஜெக்ட் மைன்னு பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து பண்ற ஒரு வேலைக்கும் போச்சு, ஏ.எல்.எஸ் நோயாளிகளோட முழு மரபணுவையும் படிக்கிற வேலை. 2016ல என்.இ.கே.1ங்கிற ஜீனுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு வெளியிட்டாங்க. இப்படி ஒரு கண்டுபிடிப்புக்கு ஆயிரக்கணக்கான பேரோட சாம்பிள் வேணும், அத்தனையும் சீக்வென்ஸ் பண்ண, அதாவது மரபணு வரிசையைப் படிக்க, காசு வேணும், அரிய நோய்க்கு அவ்வளவு காசு சுலபமா யாரும் தர மாட்டாங்க. அதைத்தான் அந்த வீடியோக்கள் தந்துச்சு.

வெட்டுக்கிளி:

கடல்நுரை சொன்னது எல்லாம் சரி, ஆனா ஐஸ் பக்கெட் ஒரு விதிவிலக்கு பாஸ். எல்லாரும் அதையே காட்டிக் காட்டி மத்த நூறு கேம்பெயினுக்கு நல்ல பேரு வாங்கித் தர்றீங்க.

கோனி 2012 ஞாபகம் இருக்கா? 2012 மார்ச்ல இன்விசிபிள் சில்ட்ரன்ங்கிற அமைப்பு ஒரு அரை மணி நேர வீடியோ போட்டாங்க, உகாண்டாவுல ஆரம்பிச்ச ஒரு கிளர்ச்சிப் படையோட தலைவன் ஜோசஃப் கோனிங்கிறவன் குழந்தைகளைக் கடத்திட்டுப் போய் துப்பாக்கி கொடுத்து சண்டை போட வைக்கிறான், அவன் பேரை உலகம் பூரா தெரிய வெச்சா இந்த வருஷமே பிடிச்சிரலாம்னு. ஒரு வாரத்துக்குள்ள பத்து கோடி தடவை பார்த்தாங்க. ஏப்ரல் 20ஆம் தேதி ராத்திரி ஊர் ஊரா போஸ்டர் ஒட்டணும்னு கூப்பிட்டாங்க, அன்னைக்கு தெருவுக்கு வந்தவங்க ரொம்பக் கம்மி. ஷேர் பண்ண கூட்டம் வேற, வந்த கூட்டம் வேற. இத்தனைக்கும் அந்த வீடியோ வந்தப்போ கோனி உகாண்டாவை விட்டுப் போய் பல வருஷம் ஆகியிருந்துச்சு, வீடியோ பார்த்தவங்கள்ல பல பேரு அவன் இன்னும் அங்கதான் இருக்கான்னு நினைச்சாங்க. உகாண்டாவுல லிராங்கிற ஊர்ல, அவனால பாதிக்கப்பட்ட மக்களுக்கே திரை கட்டிப் போட்டுக் காட்டினப்போ அவங்க கோவப்பட்டாங்க, எங்க கதைல எங்களையே காணோமேன்னு. 2017ல அமெரிக்காவும் உகாண்டாவும் தேடுறதையே நிறுத்திட்டாங்க. அவன் இன்னும் பிடிபடல.

2014ல நைஜீரியாவுல சிபோக் ஸ்கூல்ல இருந்து 276 பொண்ணுங்களைக் கடத்தினாங்களே, அதுக்கு உலகத் தலைவர்கள் வீட்டம்மாக்கள் வரைக்கும் கையில ஹேஷ்டேக் எழுதின அட்டை பிடிச்சு போட்டோ போட்டாங்க. கொஞ்ச பேரு தானா தப்பிச்சாங்க, 2016லயும் 2017லயும் பேச்சுவார்த்தை நடத்தி நூத்துச் சொச்சம் பேரை மீட்டாங்க. பத்து வருஷம் தாண்டியும் நிறைய பொண்ணுங்க வீடு திரும்பல. ஹேஷ்டேக் எப்பவோ காணாமப் போச்சு, அந்த அம்மா அப்பா மட்டும் இன்னும் காத்துட்டு இருக்காங்க. இதை நினைச்சா எனக்கு வயிறு எரியுது, அதனாலதான் இவ்வளவு சூடா எழுதுறேன்.

பேரேடு:

நான் ஒரு சின்ன தொண்டு அமைப்புல கணக்கு பார்க்குறேன், அதனால காசு வந்து சேர்ற பக்கத்துல இருந்து சொல்றேன். இங்க யாருமே பேசாத விஷயம் இது: காசு வர்றது பாதிதான், வந்த காசை நினைச்ச இடத்துல செலவு பண்ண முடியுமாங்கிறதுதான் மீதி.

2020 ஜனவரில ஆஸ்திரேலியா காட்டுத்தீ சமயத்துல செலஸ்ட் பார்பர்னு ஒரு காமெடி நடிகை ஃபேஸ்புக்ல ஒரு ஃபண்ட்ரெய்சர் ஆரம்பிச்சாங்க, இலக்கு வெறும் 30,000 ஆஸ்திரேலிய டாலர். வந்தது 5 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல. கொடுத்தவங்கள்ல நிறைய பேரு இது வீடு இழந்தவங்களுக்கு, தீக்காயம் பட்ட மிருகங்களுக்கு, மத்த மாநிலத்துக்கும் சேர்த்துப் போகும்னு நம்பினாங்க, அவங்களும் பிரிச்சுத் தர்றதாத்தான் சொன்னாங்க. ஆனா அந்தப் பேஜ் இணைச்சிருந்தது நியூ சவுத் வேல்ஸ் கிராமப்புற தீயணைப்பு அமைப்போட ஒரு டிரஸ்ட்டுக்கு. டிரஸ்ட் பத்திரத்துல என்ன எழுதியிருக்கோ அதுக்குத்தான் அந்தக் காசு. விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு, மே மாசம் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிருச்சு, தீயணைப்பு வீரர்களுக்கு உபகரணம், பயிற்சி, மனநல உதவி, இறந்துபோன வீரர்களோட குடும்பத்துக்கு உதவி, இதுக்கெல்லாம் செலவு பண்ணலாம், வேற அமைப்புக்குத் தூக்கித் தர முடியாதுன்னு. இதுல யாரும் யாரையும் ஏமாத்தல. எல்லாருக்கும் நல்ல மனசுதான். பட்டன் அழுத்துறதுக்கு முன்னாடி அந்தப் பட்டன் எங்க போகுதுன்னு யாரும் படிக்கல, அவ்வளவுதான்.

இதுக்கு நேர் எதிரா ஒண்ணு. 2004 சுனாமிக்கப்புறம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, சுனாமி நடந்து ரெண்டு வாரம் கூட ஆகல, போதும், இந்தப் பேர்ல இனிமே காசு அனுப்பாதீங்கன்னு அவங்களே அறிவிச்சாங்க. ஏற்கனவே கொடுத்தவங்ககிட்ட இதை வேற நெருக்கடிக்குப் பயன்படுத்திக்கலாமான்னு எழுதிக் கேட்டாங்க, பெரும்பாலானவங்க சரின்னுட்டாங்க. கூட்டம் கூட்டமா காசு வர்றப்போ வேண்டாம்னு சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு இந்த வேலைல இருக்குற எனக்குத் தெரியும்.

சின்ன அமைப்புகளுக்கு வைரல்ங்கிறது திடீர் வெள்ளம் மாதிரி. ரசீது போட ஆள் இருக்காது, போன் எடுக்க ஆள் இருக்காது, ஒவ்வொருத்தரும் "என் காசு என்ன ஆச்சு"ன்னு கேப்பாங்க (கேக்குறது நியாயம்தான்), அதுக்குள்ள மாசம் ஓடிரும், அடுத்த வருஷம் அதுல பத்துல ஒருத்தர் கூடத் திரும்ப வர மாட்டாங்க. இந்தப் பக்கம் ஒரு செவிலியரை வேலைக்கு வெச்சா அவங்களுக்கு மாசா மாசம் சம்பளம் தரணும். ஒரு தடவை வர்ற காசை நம்பி ஆள் எடுக்க முடியாது. மாசம் கொஞ்சமா, விடாம தர்றவங்க பத்து பேரு இருந்தா அதை வெச்சு எங்களால ஒரு திட்டமே போட முடியும்.

கடல்நுரை:

@வெட்டுக்கிளி கோனி விஷயத்துல ஒண்ணு விட்டுட்டீங்க. அதே அமைப்பு மத்திய ஆப்பிரிக்காவுல கிராமங்களுக்கு ரேடியோ வெச்சு, தாக்குதல் வந்தா பக்கத்து ஊருக்குத் தகவல் போற மாதிரி ஏற்பாடு பண்ணிட்டு இருந்தாங்க. அது உருப்படியான வேலை. ஆனா அதை யாரும் ஷேர் பண்ணல, ரேடியோ டவர் போட்டோவைப் பார்த்து யாருக்கு அழுகை வரும் சொல்லுங்க. அதனால கேம்பெயின் வேஸ்ட்னு சொல்றதை விட, வைரலாகுறதுக்கு எது சரியோ அதுவும், வேலைக்கு எது தேவையோ அதுவும் ஒண்ணா இருக்காதுன்னு சொல்லலாம். ரெண்டும் ஒண்ணா அமைஞ்சா ஐஸ் பக்கெட், அமையலன்னா கோனி.

வெட்டுக்கிளி:

அது அமையறது அதிர்ஷ்டம்னா அதை நம்பி எப்படிங்க பப்ளிக்கை இறக்குறது? 2014ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, ஜர்னல் ஆஃப் கன்ஸ்யூமர் ரிசர்ச்ல. நாலு பேர் பார்க்க சின்னதா ஆதரவு காட்டினவங்க, யாருக்கும் தெரியாம அதே ஆதரவைத் தந்தவங்களை விட, அடுத்து நெஜமா உதவி கேட்டப்போ கம்மியாத்தான் செஞ்சாங்களாம். நல்லவன்னு பேரு வாங்கிட்டோம், வேலை முடிஞ்சிருச்சுன்னு மனசு கணக்கை முடிச்சிருது. வீடியோ போடுறதே கொடுக்குறதைத் தடுக்குதுன்னா "ஒண்ணும் செய்யாததுக்கு மேல்"ங்கிற வாதமே ஆட்டம் காணுதே.

மூன்றாம்படி:

எங்க மாமாவுக்கு ஏ.எல்.எஸ் இருந்துச்சு. அதனால இதுல எனக்கு ஒரு பக்கம் இருக்கு, சொல்லிட்டே பேசுறேன்.

அந்தச் சேலஞ்சுக்கு முன்னாடி இந்த நோய் பேரைச் சொன்னா யாருக்கும் புரியாது. தசை ஒண்ணொண்ணா செயலிழந்து போகும், கடைசில பேச முடியாது, முழுங்க முடியாது, மூச்சு விட மெஷின் வேணும், ஆனா பெரும்பாலும் புத்தி தெளிவாவே இருக்கும்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் முதல்ல இருந்து சொல்லணும். அதுவும் அவர் முன்னாடியே. 2014க்கப்புறம் "அந்த ஐஸ் தண்ணி நோயா"ன்னு கேட்டாங்க. கேக்க ஒரு மாதிரியாத்தான் இருக்கும், ஆனா பாதி விளக்கம் மிச்சம். அவேர்னஸ்னா ஒண்ணுமில்லன்னு சொல்றவங்க இதை அனுபவிக்கலன்னுதான் எனக்குத் தோணும்.

அதே சமயம் முழுக் கதையும் சொல்லணும். அந்தக் காசுல இருந்து 20 லட்சம் டாலருக்கு மேல ஒரு மருந்தோட ஆராய்ச்சிக்குப் போச்சு, 2022ல அமெரிக்காவுல அனுமதியும் கிடைச்சுது, ரெலிவ்ரியோன்னு பேரு. எங்க வீட்டுல எவ்வளவு சந்தோஷப்பட்டோம்னு சொல்லவே முடியாது. 2024ல பெரிய சோதனை முடிவு வந்துச்சு, பலன் இல்லன்னு, கம்பெனியே மருந்தைத் திரும்ப எடுத்துட்டாங்க. இதை வெச்சு காசு வீணாப் போச்சுன்னு யாரும் சொல்லாதீங்க. எது வேலை செய்யாதுன்னு தெரிஞ்சுக்கவும் காசு வேணும், அந்தக் காசை யாராவது தந்துதான் ஆகணும். ஆனா தலைல தண்ணி ஊத்தினவங்கள்ல எத்தனை பேரு 2024 வரைக்கும் இதை ஃபாலோ பண்ணியிருப்பாங்க? நோய்க்கு டிரெண்டு முடியறதில்லங்க.

அரைத்தூக்கம்:

இவ்வளவு வரும்னு எதிர்பார்க்கல, எல்லாருக்கும் நன்றி. இன்னொண்ணும் கேட்டுக்குறேன். அமைப்புக்குப் போறது ஒரு வகை. தனி ஒருத்தருக்கு, அதாவது ஒரு குழந்தை போட்டோ போட்டு ஆபரேஷனுக்கு இவ்வளவு வேணும்னு வர்றதுக்கு என்ன பண்றீங்க? அதைப் பார்த்துட்டு தாண்டிப் போகவும் முடியல, நம்பவும் பயமா இருக்கு.

பேரேடு:

தாண்டிப் போக முடியாம இருக்குறது உங்க தப்பு இல்ல, மனுஷ மனசு அப்படித்தான். பால் ஸ்லோவிக்னு ஒரு உளவியல் அறிஞரும் கூட ரெண்டு பேரும் பண்ண ஆய்வு 2007ல வந்துச்சு. சில பேருகிட்ட பசியில வாடுற ஒரே ஒரு சின்னப் பொண்ணோட போட்டோவும் கதையும் காட்டினாங்க, சில பேருகிட்ட லட்சக்கணக்கான பேரு பட்டினி கிடக்குறாங்கன்னு புள்ளிவிவரம் மட்டும். பொண்ணுக்குத்தான் நிறைய குடுத்தாங்க. ரெண்டையும் சேர்த்துக் காட்டினா? பொண்ணை மட்டும் காட்டினப்போ வந்ததை விடக் குறைஞ்சு போச்சு. எண்ணிக்கை கூடக் கூட இரக்கம் கரையுது. வேதனையான விஷயம் இது.

இந்த இரக்கத்தைத்தான் மோசடிக்காரங்களும் குறி வைக்கிறாங்க. அமெரிக்காவுல 2017ல ஒரு வீடில்லாத மனுஷன் தன் கையில இருந்த கடைசி காசைக் குடுத்து, வழியில பெட்ரோல் இல்லாம நின்ன பொண்ணுக்கு உதவினார்னு ஒரு கதை வந்து கோஃபண்ட்மீங்கிற நிதி திரட்டுற தளத்துல 4 லட்சம் டாலர் சேர்ந்துச்சு. கதையே ஜோடிச்சதுன்னு அப்புறம் தெரிஞ்சு வழக்கு ஆச்சு, குடுத்தவங்களுக்கு அந்தத் தளமே காசைத் திருப்பித் தந்துச்சு. எல்லாரும் ஏமாத்துறாங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. நான் பண்றது: போஸ்ட்ல தேதி இருக்கான்னு பார்ப்பேன், ஏன்னா சிகிச்சை முடிஞ்சு பல வருஷம் ஆன போஸ்ட் எல்லாம் இன்னும் சுத்திட்டு இருக்கு, அந்தக் குடும்பத்துக்கு போன் வந்துட்டே இருக்கும் பாவம். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு நேரா கட்ட வழி இருக்கான்னு கேப்பேன், இருந்தா அங்கயே கட்டிருவேன். எதுவுமே தெரியலன்னா ஷேர் மட்டும் பண்ண மாட்டேன். ஷேர் பண்றதுக்குக் காசு ஆகாது, ஆனா நம்மள நம்பி நாலு பேரு குடுப்பாங்க.

புதுப்பக்கம்:

லேட்டா வந்தேன். அரைத்தூக்கம் கேட்ட சேலஞ்சுக்கு ஒரு யோசனை. 2014ல மேக்கப் இல்லாத செல்ஃபி போடுற டிரெண்டு ஒண்ணு ஓடுச்சு, கேன்சருக்காக. அதை எந்த அமைப்பும் ஆரம்பிக்கல. முதல்ல எல்லாரும் சும்மா முகத்தைப் போட்டுட்டு இருந்தாங்க, உங்க குரூப் மாதிரியேதான். பிரிட்டன்ல கேன்சர் ரிசர்ச் யு.கே அதைக் கவனிச்சு, இந்த வார்த்தையை இந்த நம்பருக்கு மெசேஜ் பண்ணினா நன்கொடை வந்து சேரும்னு தாங்களே ஒரு போஸ்ட் போட்டாங்க. ஆறு நாள்ல 80 லட்சம் பவுண்ட். அதுலயும் கொஞ்ச பேரு வார்த்தையை மாத்தி அனுப்பி, காசு யுனிசெஃபுக்குப் போயிருச்சு. அவ்வளவு பெரிய அலைல ஒரு வார்த்தை மாறினா கூட காசு திசை மாறுது. அதனால நீங்க வீடியோ போடாம ஒதுங்குறதை விட, லிங்க்கோட போடுங்க. அடுத்து டேக் பண்றவங்ககிட்டயும் முதல்ல லிங்க்கை அனுப்புங்க.

வெட்டுக்கிளி:

இதுக்கு நான் ஒத்துக்குறேன். ஆனா வீடியோவுக்கு முன்னாடி காசு, அந்த வரிசை மாறக் கூடாது.

மூன்றாம்படி:

லிங்க் போடுறதுக்கு முன்னாடி அந்த அமைப்புக்கு ஒரு மெயில் போட்டு இப்ப எதுக்குக் காசு தேவைன்னு கேட்டுருங்க. ஆராய்ச்சி எல்லாம் வேணும், மறுக்கல. ஆனா எங்க அத்தைக்குத் தேவைப்பட்டது வாரத்துல ரெண்டு ராத்திரி மாத்தி முழிச்சிருக்க பயிற்சி பெத்த ஒரு ஆள், அப்புறம் கரண்ட் போனா மூச்சு மெஷின் ஓட ஒரு பேட்டரி. அதுக்கு அவங்ககிட்ட தனி ஃபண்ட் இருந்தா உங்க குரூப் அதை எடுத்துக்கலாமே.

அரைத்தூக்கம்:

மெயில் அனுப்பிட்டேன். குரூப்ல ரெண்டு பேரு லிங்க் போட சரின்னுட்டாங்க, டேக் பண்ணவன் இன்னும் கோவமாத்தான் இருக்கான். பதில் வந்ததும் எதுக்குக் கேக்குறாங்கன்னு இங்கயே போடுறேன்.