காட்டுத் தைம் எண்ணெய்: தைமாலா, கார்வக்ராலா?

கேள்வி:
காட்டுத் தைம் (தைமஸ் செர்பில்லம்) எண்ணெயை ஜிசி-எம்எஸ்ஸில் (சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் கருவி) ஓட்டினால், மென்பொருள் ஒரே பீக்கை ஒருமுறை தைமால் என்கிறது, மறுமுறை கார்வக்ரால் என்கிறது. பழைய பாட்டிலில் பாரா-சைமீன் என்ற சேர்மமும் கூடியிருக்கிறது. பாக்டீரியா வளர்த்த அகார் தட்டில் தடுப்பு வளையமோ (கிருமி வளராத வட்டம்) சிறியது. கோளாறு எங்கே?

பதில் 1:
இரண்டும் ஐசோமர்கள்: ஒரே வாய்பாடு, வேறு அமைப்பு. இரண்டின் நிறை நிறமாலையிலும் 135தான் மிக உயரமான கோடு, 150 உடையாத மூலக்கூறின் அயனி. மென்பொருளின் நூலகப் பொருத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். ஆல்கேன் தொடரை அதே நிபந்தனைகளில் ஓட்டித் தக்கவைப்புக் குறியீட்டைக் (சேர்மம் வெளிவரும் நேரத்தை ஆல்கேன்களோடு ஒப்பிடும் எண்) கணக்கிடுங்கள்: டிபி-5 கேபிலரியில் (சேர்மங்களைப் பிரிக்கும் நுண்குழாய்) தைமால் சுமார் 1290, கார்வக்ரால் சுமார் 1299. தூய மாதிரியும் கூடவே ஓடட்டும்.

பதில் 2:
பாரா-சைமீன் கூடியது ஆக்சிஜனேற்றத்தால் இருக்கலாம். எண்ணெயிலுள்ள காமா-டெர்பினீன்தான் அப்படி மாறும். அது குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். வடித்ததும் நீரற்ற சோடியம் சல்பேட்டில் ஈரம் நீக்கி, அம்பர் குப்பியில் விளிம்புவரை நிரப்பி 4 டிகிரியில் வையுங்கள். பாதி காலியான குப்பியில் காற்று புகுந்துவிடும். செடியிலேயே வேதிவகைகள் (ஒரே இனத்தில் எண்ணெயின் சேர்மங்கள் மாறுபடும் வகைகள்) உண்டு என்பதையும் மறக்கவேண்டாம். தைமால் அறவே குறைந்த காட்டுத் தைமும் கிடைக்கும்.

பதில் 3:
வளையத்தை வைத்து வீரியத்தை அளக்காதீர்கள். எண்ணெய் நீரில் கரையாது, அகாரில் சரியாகப் பரவாது. ஒரு பகுதி ஆவியாகியும் போகும். 96 குழித் தட்டில் இருமடி நீர்த்தல் (குழிக்குக் குழி செறிவைப் பாதியாக்குதல்) செய்யுங்கள். எண்ணெயை நீரில் கலக்க உதவும் ட்வீன் 80 அரை சதவீதத்துக்குள் இருக்கட்டும், ட்வீன் மட்டும் சேர்த்த குழியும் வேண்டும். தட்டை ஒட்டுப்படலத்தால் மூடாவிட்டால் ஆவி பக்கத்துக் குழியையும் கெடுக்கும். சூடோமோனாஸ் பாக்டீரியா அடங்காவிட்டால் எண்ணெயைக் குறைசொல்லாதீர்கள். அதன் வெளிச்சவ்வும் வெளியேற்றுப் பம்புகளும் எண்ணெயை எளிதில் உள்ளே தங்கவிடாது.