நிவேதா விசா: மஞ்சக்குப்பம் வீட்டு குரூப்

அப்பா, 9:10
எல்லாருக்கும் வணக்கம். நிவேதாவின் நியூசிலாந்து ஸ்டூடன்ட் விசா விஷயமாக நேற்று பாண்டி கன்சல்டன்சிக்குப் போய் வந்தோம். ஏசி ஆபீஸ், சுவரில் பெரிய சர்டிபிகேட். கவர்ன்மென்ட் லைசென்ஸாம். பேங்க் பேலன்ஸ் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, கமிஷன் கொடுத்தால் அவர்களே காட்டிவிடுவார்களாம்.

செல்வி அத்தை, 9:14
நல்லதாகப் போயிற்று அண்ணா. எதிர்வீட்டுப் பையனும் அப்படித்தான் போனான்.

கார்த்தி அண்ணா, 9:21
சித்தப்பா, அந்த லைசென்ஸ் எந்த கவர்ன்மென்ட் கொடுத்தது?

அப்பா, 9:22
கிட்டப் போய்ப் பார்க்கவில்லை தம்பி.

நிவேதா, 9:23
நான் போட்டோ எடுத்தேன். ஜிஎஸ்டி பதிவுச் சான்று 😐

பெரியப்பா, 9:25
பஸ் ஸ்டாண்ட் ஓட்டல்காரரும் அதைத்தான் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார்.

கார்த்தி அண்ணா, 9:38
இங்கே நியூசிலாந்தில் குடிவரவு ஆலோசகர்களுக்கென்றே 2007இல் சட்டம் போட்டார்கள். நாட்டுக்குள் இருப்பவருக்கு 2009 மே, வெளிநாட்டில் இருப்பவருக்கு 2010 மே முதல் லைசென்ஸ் கட்டாயம். பெயரைப் போட்டுப் பார்க்க ஆன்லைனில் பதிவேடு உண்டு. ஏமாற்றினால் புகார் கொடுக்கலாம், தீர்ப்பாயம் வரை போகும். ஆனால் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் உட்கார்ந்து ஸ்டூடன்ட் விசாவுக்கு மட்டும் ஆலோசனை சொல்பவருக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதனால் பாண்டிக்காரர் லைசென்ஸ் இல்லாமல் தொழில் செய்வது குற்றமில்லை. கவிழ்த்துவிட்டால் கேட்கத்தான் நாதி இல்லை.

பெரியப்பா, 9:44
நம் ஊரிலும் அதே கதைதான். 1983 குடிபெயர்வுச் சட்டம் வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டைத்தான் பதிவு செய்யச் சொல்கிறது. படிக்க அனுப்புகிறவர் அதில் வரமாட்டார்.

செல்வி அத்தை, 9:47
அது கிடக்கட்டும். பேலன்ஸ் காட்டினால் என்ன குடி முழுகிவிடும்? ஊரில் எல்லாரும் செய்வதுதானே.

கார்த்தி அண்ணா, 9:58
அத்தை, கல்லூரிக் கட்டணம் போக ஒரு வருடச் செலவுக்கு 20,000 நியூசிலாந்து டாலர் காட்ட வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். முன்பு நம் நாட்டுப் பிள்ளைகள் சிலருக்கு ஏஜென்டுகள் போலி வங்கித் தாள் வைத்துவிட்டார்கள். எங்களுக்குத் தெரியாது என்று பிள்ளைகள் சொன்னார்கள். கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது என்றுவிட்டது நியூசிலாந்து அரசு. 2017 பிப்ரவரியில் இங்கே ஆக்லாந்தில் ஒரு சர்ச்சில் தஞ்சம் புகுந்து பார்த்தார்கள். கடைசியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பெரியப்பா, 10:03
பேங்கில் எத்தனை பார்த்திருக்கிறேன். திடீரென்று மொத்தமாக வந்து, லெட்டர் வாங்கியதும் போகிற பணம் ஸ்டேட்மென்டில் பளிச்சென்று தெரியும். ராஜேந்திரா, அந்த வேலையே வேண்டாம்.

நிவேதா, 10:09
அண்ணா, என் பிரெண்டுக்கு எல்லாம் ஒரிஜினல். அப்பா பெயரில் எஃப்டி கூட இருந்தது. படிக்கத்தான் வருகிறாய் என்று நம்ப முடியவில்லை என்று இரண்டு வரியில் ரிஜெக்ட். இது மட்டும் நியாயமா?

கார்த்தி அண்ணா, 10:20
இல்லை. ஆலோசகரைப் பிடிக்கத்தான் சட்டம், முடிவு எடுக்கும் ஆபீசரின் மனதுக்குச் சட்டம் ஏது? இங்கிலாந்தில் 2015 முதல் கம்ப்யூட்டரே விண்ணப்பங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்தது, அதில் எந்த நாட்டுக்காரர் என்பதும் ஒரு கணக்கு. கோர்ட்டுக்குப் போன பிறகுதான் 2020 ஆகஸ்டில் கைவிட்டார்கள்.
இங்கே ஒரு நல்ல வழக்கம், பாதகமாக ஏதாவது தெரிந்தால் மறுப்பதற்கு முன்பே கடிதம் போட்டு விளக்கம் கேட்பார்கள். பதிலுக்குக் கெடு உண்டு. அந்தக் கடிதம் ஃபார்மில் இருக்கும் இமெயிலுக்குத்தான் போகும். உன் ஃபார்மில் யாருடைய இமெயில்?

நிவேதா, 10:22
அவர்களுடையது. பாஸ்வேர்டும் அவர்களிடம்தான். ஃபார்ம் பிரின்ட் கேட்டதற்கு அப்படிக் கொடுப்பதில்லை என்றார்கள்.

அப்பா, 10:24
சரி, திங்கட்கிழமை போய்ப் பேசுகிறேன்.

பெரியப்பா, 10:25
திங்கட்கிழமை எதற்கு? ஒரிஜினல் டிகிரி, மார்க் ஷீட் எல்லாம் வீட்டில்தானே இருக்கிறது?

நிவேதா, 10:31
வெரிஃபிகேஷன் என்று நேற்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள் பெரியப்பா.

பெரியப்பா, 10:32
செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பு ராஜேந்திரா. சனிக்கிழமை, மதியத்தோடு பூட்டிவிடுவான். அட்வான்ஸ் ரசீதை எடுத்துக்கொள். நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

செல்வி அத்தை, 10:34
சண்டை போடாதீர்கள் அண்ணா, பேப்பர் கைக்கு வருகிறவரைக்கும். அப்புறம் போடுங்கள்.