ஓப்பன்சோர்ஸ் மென்பொருள் கையேடுகளில் உடைந்த லிங்கைத் திருத்தப் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

கடைசிகமிட்:
லிங்க் எல்லாம் திறக்கிறதா என்று பார்க்கும் லிங்க்செக் கருவியை ஓட்டினேன். எல்லாமே பச்சை, வரிசையாக 200 (பக்கம் சரியாகக் கிடைத்தது என்று சர்வர் சொல்லும் எண்). திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லி புல் ரிக்வெஸ்டும் போட்டாச்சு. அப்புறம் ஏதோ தோன்றி, இன்ஸ்டால் பக்கத்தில் ‘சாவியை இங்கே பெறவும்’ என்றிருந்த லிங்கைச் சும்மா அமுக்கினேன். சூதாட்டச் சக்கரம் சுழல்கிறது, தங்கக் காசு கொட்டுகிறது! டொமைன் காலாவதியாகி எவனோ வாங்கியிருக்கிறான். சர்வர் 200 என்றால் கருவிக்குப் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. டெர்மினலில் ஓட்டச் சொல்லும் பாஷ் கட்டளைக்கு ஒரு வரி மேலே இருந்த லிங்க் அது.

அரைப்புள்ளி:
எனக்கு நேர் எதிர். ஒரே சிவப்பு. கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது லிங்கைத் தூக்கிவிட்டேன். மென்பொருளைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் ஒரே வரிதான் எழுதினார்: "எனக்கு எல்லாம் திறக்கிறதே?" அடுத்தடுத்துத் தட்டியதால் அந்தத் தளம் 429, அதாவது ‘அளவுக்கு மீறிக் கேட்கிறாய்’ என்று கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வரியை நினைத்தால் இன்றும் காது சுடும்.

பழையகிளை:
அரைப்புள்ளி, பக்கமே இல்லை என்கிற 404 ஆகவே இருந்தாலும் எதற்குத் தூக்கணும்? ‘விவரங்களுக்கு இங்கே பார்க்கவும்’ என்ற வாக்கியம் மட்டும் அநாதையாக நிற்கும். 2016இல் நிரல்களை வைத்திருந்த கூகுள் கோட் தளம் மூடியபோது நான் பராமரித்த கையேட்டில் அப்படித்தான் செய்தேன், இப்போது எதைச் சொன்னோம் என்று எனக்கே தெரியவில்லை. இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் தேடுங்கள். ஆனால் கடைசிப் பிரதியை எடுக்காதீர்கள், அதிலும் சூதாட்டச் சக்கரம்தான் இருக்கும். கையேடு எழுதப்பட்ட காலத்துப் பிரதியை எடுங்கள். நிரல்களை வைக்கும் கிட்ஹப் தளத்தில் வரி எண்ணோடு லிங்க் கொடுக்கும்போது, மாறிக்கொண்டே இருக்கும் கிளையின் (பிராஞ்ச்) பெயரை வைக்காதீர்கள். நாளைக்கே மேலே நாலு வரி சேர்ந்தால் வேறெதையோ காட்டும். ஒய் (y) விசையைத் தட்டினால் முகவரி, அந்த நேரத்து நிலையை மாறாமல் குறிக்கும் கமிட் எண்ணுக்கு மாறிவிடும், அதைக் கொடுங்கள். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ரிலேட்டிவ் லிங்க் (முழு முகவரி இல்லாத லிங்க்) வைத்தால் நிரல் இருக்கும் ரிப்போவில் வேலை செய்யும், பைத்தான் தொகுப்புகளுக்கான பைபிஐ (PyPI) பக்கத்தில் செத்துவிடும். தலைப்பை மாற்றினால், பக்கத்துக்குள் அந்த இடத்துக்கே கொண்டுபோகும் ஆங்கரும் போச்சு. லிங்க் சோதிக்கும் இன்னொரு கருவியான லிச்சியில் (lychee) ஆங்கரையும் சோதிக்கத் தனி ஆப்ஷன் இருக்கிறது, அதைப் போட்டு ஓட்டுங்கள்.

அரைப்புள்ளி:
நான் கேட்டேனா ஐயா? தூக்கியது தப்பு என்றுதானே எழுதியிருக்கிறேன்.

கடைசிகமிட்:
சண்டை வேண்டாம். என் கதையில் ஒன்று விட்டுப்போச்சு. மெயின்டெய்னருக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. அந்த டொமைனே அவருடையதுதானாம், புதுப்பிக்க மறந்துவிட்டாராம்.