1916 அமெரிக்கக் கார் பந்தயப் பட்டம்: ரெஸ்டாவுக்குப் போனது சரியா, ஐட்கனுக்குப் போயிருக்க வேண்டுமா?

பலகைத்தடம்:
ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம், இங்கே கொட்டிவிடுகிறேன். 1916-இல் ஏ.ஏ.ஏ. (அமெரிக்க வாகனச் சங்கம்) சீசன் முழுக்கப் புள்ளி போட்டு தேசிய சாம்பியனைத் தேர்ந்தெடுத்தது. கடைசிக் கணக்கு: டாரியோ ரெஸ்டா 4100, ஜானி ஐட்கன் 3440, எட்டி ரிக்கன்பேக்கர் 2910. புத்தகத்தில் பட்டம் ரெஸ்டாவுக்கு. ஆனால் நவம்பர் 18 அன்று கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் நடந்த கிராண்ட் பிரைஸ் சாலைப் பந்தயத்தைப் பாருங்கள். ஐட்கனின் சொந்தக் கார் தொடக்கத்திலேயே படுத்துவிட்டது. ரெஸ்டாவும் பிறகு வெளியேறினார். ஐட்கன் சும்மா உட்காரவில்லை, அணித்தோழர் ஹௌடி வில்காக்ஸ் ஓட்டிக்கொண்டிருந்த பூஜோ என்ற பிரெஞ்சுக் காரில் நடுவில் ஏறி, அதை முதலாவதாகக் கொண்டுவந்து நிறுத்தினார். வெற்றிக் கோட்டைத் தாண்டியவர் அவர், ஆனால் அவர் கணக்கில் ஏறிய புள்ளி பூஜ்யம். அந்த வெற்றியின் புள்ளி முழுதாக ஏறியிருந்தால் 660 இடைவெளி போயே போயிருக்கும். என்னைக் கேட்டால் அந்த ஆண்டின் சாம்பியன் ஐட்கன்தான்.

நீலப்பூஜோ:
நண்பரே, ஒரு பந்தயத்தை மட்டும் தூக்கிப் பிடித்தால் எப்படி? சீசன் மே 13-இல் தொடங்கி நவம்பர் 30 வரை ஓடியது. ரெஸ்டா ஜெயித்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்: மே 30 இண்டியனாபொலிஸ் 300 மைல், ஜூனில் சிகாகோ 300 மைல், ஜூலையில் ஒமாஹா 150 மைல், அக்டோபரில் மறுபடி சிகாகோ 250 மைல், நவம்பர் 16 சாண்டா மோனிகாவில் வாண்டர்பில்ட் கோப்பை. ஐந்து வெற்றி, அதில் நான்கு நீண்ட பந்தயங்கள். பலகைத் தடத்திலும் ஜெயித்தார், செங்கல் தடத்திலும் ஜெயித்தார், சாலையிலும் ஜெயித்தார். ஐட்கன் செப்டம்பருக்கு முன்னால் என்ன ஜெயித்தார்? ஒன்றும் இல்லை. கடைசி மூன்று மாதத்தில் வேகமாக ஓடியவருக்குச் சீசன் பட்டம் கொடுக்க முடியாது.

பலகைத்தடம்:
அந்தக் கடைசி மூன்று மாதத்தையும் சொல்லுங்களேன். சின்சினாட்டி 300 மைல், இண்டியனாபொலிஸ் அறுவடைப் பந்தயம், ஷீப்ஸ்ஹெட் பேயில் ஆஸ்டர் கோப்பை 250 மைல், அதே தடத்தில் ஹார்க்னஸ் கோப்பை 100 மைல். ஆஸ்டர் கோப்பையில் சராசரி மணிக்கு 104 மைலுக்கு மேல். 1916-இல்! டயர் தாங்காத, வால்வு தாங்காத, பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை உட்காரவைத்து ஓட்டிய காலத்தில். மே மாதத்தில் கூட இண்டியனாபொலிஸில் முதல் இடத்தில் நின்று கிளம்பியவர் ஐட்கன்தான், தகுதி ஓட்டத்தில் மணிக்கு 96 மைலுக்கு மேல் போனார். பந்தயத்தின் நடுவில் கார் கைவிட்டது. வேகத்தில் குறைவே இல்லை.

செல்வி_ரா:
குறுக்கே ஒரு கேள்வி, இரண்டு பேரும் பலகைத் தடம் என்கிறீர்களே, அது என்ன? மரத்திலா கார் ஓட்டினார்கள்?

நீலப்பூஜோ:
ஆமாம் சகோதரி, முழுக்க மரம்தான். மரச்சட்டங்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நெருக்கமாக ஆணியடித்து, வளைவுகளை நன்றாகச் சாய்த்துக் கட்டுவார்கள். நியூயார்க் புரூக்ளினில் இருந்த ஷீப்ஸ்ஹெட் பே, சிகாகோ, சின்சினாட்டி, டகோமா எல்லாம் இரண்டு மைல் சுற்று, ஒமாஹா அதைவிடச் சின்னது. கட்டச் செலவு குறைவு, சீக்கிரம் கட்டலாம், கார் பயங்கர வேகம் போகும், நுழைவுச் சீட்டு விற்கும். அதனால் 1915, 1916-இல் ஊருக்கு ஊர் முளைத்தன. ஆனால் வெயிலிலும் மழையிலும் மரம் உளுத்துப்போகும், பலகை பெயர்ந்து சிம்பு பறந்து ஓட்டுநர் முகத்தில் அடிக்கும், என்ஜின் எண்ணெய் சிந்தி வழுக்கும். 1916 சீசனின் முதல் பந்தயமே ஷீப்ஸ்ஹெட் பேயில்தான், அதில் கார்ல் லிம்பெர்க் தன் மெக்கானிக்கோடு செத்தார். இதையும் மறக்காமல் பேசுவோம், ஏனென்றால் புள்ளிக் கணக்கு போடும்போது நாம் அந்த மனிதர்களை எண்களாக்கிவிடுகிறோம்.

பலகைத்தடம்:
இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். நான் சொல்லும் அதே கிராண்ட் பிரைஸில்தான் லூயிஸ் ஜாக்சன் ஓட்டிய மார்மன் கார் பாதையை விட்டு விலகி, ஓரத்தில் நின்றவர்கள் மேல் பாய்ந்தது. ஜாக்சனும் போனார், வேடிக்கை பார்க்க வந்தவர்களும் போனார்கள். இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும் சாலையில் தெரிந்தே இன்னொருவர் காரில் ஏறிப் பாதிப் பந்தயத்தை ஓட்டி முடித்தவருக்குப் பூஜ்யம் போடுவது எந்த நியாயம்?

எண்கணக்கன்:
நியாயம் இருக்கட்டும், வழக்கம் என்ன என்று பார்ப்போம். அந்தக் காலத்தில் மாற்று ஓட்டுநர் ஏறுவது சாதாரண விஷயம். 1911-இல் முதல் இண்டியனாபொலிஸ் 500-ஐ ஜெயித்தவர் யார் என்று யாரைக் கேட்டாலும் ரே ஹாரூன் என்பார்கள். நடுவில் சைரஸ் பாட்ச்கே அந்தக் காரை ஓட்டினார், ஆனால் வெற்றி ஹாரூன் ஒருவர் பெயரில்தான். 1923-இல் டாமி மில்டன் ஜெயித்தபோது அவருக்குப் பதிலாகக் கொஞ்ச நேரம் ஓட்டியவர் இதே ஹௌடி வில்காக்ஸ். வில்காக்ஸ் பெயரை வெற்றியில் சேர்க்கவில்லை. யார் கிளப்பிக்கொண்டு போனாரோ அவர் பெயர்தான், அதுதான் வழக்கம். 1916-இல் மட்டும் அதை மாற்றச் சொல்வது ஏன்?

பலகைத்தடம்:
ஹாரூன், மில்டன் இருவரும் தங்கள் காரைத் தாங்களே கொண்டுவந்து முடித்தார்கள், அண்ணா. நடுவில் ஓய்வு எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவே. சாண்டா மோனிகாவில் நடந்தது வேறு. ஐட்கன் ஏறியவர் இறங்கவில்லை, கடைசி வரை அவர் கையில்தான் கார். இன்னொன்று, 1924 இண்டியனாபொலிஸில் கோரம் கிளப்பிய காரை ஜோ பாயர் வாங்கி முடித்தார், இருவரும் சேர்ந்து ஜெயித்ததாகத்தான் இன்றும் பதிவு. அந்த வழக்கப்படி பார்த்தாலும் ஐட்கனுக்குப் பங்கு உண்டு. கிராண்ட் பிரைஸ் வெற்றியாளர் பட்டியலில் வில்காக்ஸ், ஐட்கன் என்று இருவர் பெயரையும் போடுகிறார்கள், புள்ளி மட்டும் கிடையாதாம். வெற்றி உண்டு, புள்ளி இல்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.

நீலப்பூஜோ:
புரியாமல் என்ன? கோப்பை காருக்கும் அணிக்கும். சாம்பியன்ஷிப் புள்ளி தனி மனிதனுக்கு. அணியில் இன்னும் ஒரு நல்ல கார் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்காகப் பட்டப் போட்டியில் இருக்கும் ஒருவர் தன் கார் உடைந்ததும் அதில் தாவிப் புள்ளி எடுக்கலாம் என்றால், நிறையக் கார் வைத்திருக்கிற பணக்கார அணிதான் ஒவ்வொரு வருடமும் பட்டம் வாங்கும். ஐட்கனின் அணி யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். இண்டியனாபொலிஸ் தடத்தை வைத்திருந்த கார்ல் ஃபிஷர், ஜேம்ஸ் ஆலிசன் கூட்டம்தான் பூஜோக்களை வாங்கி அணி நடத்தியது. பிரீமியர் கம்பெனியில் அதே மாதிரிக் கார்களைச் செய்தும் வாங்கினார்கள். செப்டம்பரில் அறுவடைப் பந்தயம் என்று 20, 50, 100 மைலில் மூன்று ஓட்டம் நடத்தினார்களே, தடம் அவர்களுடையது, அணியும் அவர்களுடையது, மூன்றிலும் ஐட்கன் முதலிடம். அந்த மூன்றில் 100 மைல் ஓட்டம் புள்ளிக்கணக்கில் சேர்ந்தது. நான் மோசடி என்று சொல்லவில்லை, ஐட்கன் ஓட்டித்தான் ஜெயித்தார். ஆனால் யாருக்குச் சாதகமான சூழல் இருந்தது என்று கேட்டால் பதில் ரெஸ்டா இல்லை.

பலகைத்தடம்:
தடத்தின் சொந்தக்காரர் அணி வைத்திருந்தார் என்பதால் ஓட்டுநரின் திறமை குறைந்துவிடாது. ரெஸ்டாவும் பூஜோதான் ஓட்டினார், வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தண்டு இரண்டும் மேலே தலையில் இருக்கிற அதே ரக என்ஜின்தான், அமெரிக்கர்கள் அப்போது எடுத்துப் பார்த்து வியந்த என்ஜின். இருவர் கையிலும் ஒரே ஆயுதம். ஐட்கன் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். 1911 முதல் 500-இல் முதல் சுற்றை முன்னின்று ஓட்டியவர் அவர். அப்புறம் சில வருடம் ஓட்டுவதை விட்டுவிட்டு மற்ற அணிகளுக்கு வழிகாட்டினார், 1913-இல் பிரான்ஸிலிருந்து வந்து ஜூல் கூ என்ற ஓட்டுநர் அதே 500-ஐ ஜெயித்தபோது பிட்டிலிருந்து (தடத்தோரம் கார்களைக் கவனிக்கும் இடம்) யோசனை சொன்னவர் ஐட்கன். அப்படிப்பட்டவர் திரும்பி வந்து 1916-இல் இப்படி ஓட்டினார். 1918 அக்டோபரில் ஃபுளூ கொள்ளை நோயில் போய்ச் சேர்ந்தார். அவருக்கு இன்னொரு சீசன் கிடைக்கவே இல்லை. பட்டம் இல்லாததால் இன்று அவர் பெயரை யாரும் சொல்வதில்லை, என் வயிற்றெரிச்சல் இதுதான்.

செல்வி_ரா:
ரெஸ்டாவும் நீண்ட நாள் வாழவில்லை, 1924-இல் இங்கிலாந்தில் புரூக்லாண்ட்ஸ் தடத்தில் சாதனை ஓட்டத்தின்போது இறந்தார் என்று படித்திருக்கிறேன். எனக்கு வேறு சந்தேகம். ரால்ஃப் டிபால்மா என்ற ஓட்டுநரின் பெயரை யாரும் எடுக்கவில்லையே? அவரும் அந்த வருடம் ஜெயித்தாரே.

எண்கணக்கன்:
டெமாயின், மின்னியாபொலிஸ் இரண்டையும் அடுத்தடுத்து ஜெயித்தார், தன் மெர்சிடஸ் காரில். ஆனால் முந்தைய வருடம் இண்டியனாபொலிஸில் ஜெயித்தவர் என்ற முறையில் வருகைக்குத் தனியாகப் பணம் கேட்டார், தடத்துக்காரர்கள் மறுத்தார்கள், அவர் அங்கே ஓட்டவில்லை. 21 கார் மட்டுமே கிளம்பிய அந்தப் பந்தயத்தில் அவர் இருந்திருந்தால் ரெஸ்டாவுக்கு வேலை அதிகமாகியிருக்கும். ரிக்கன்பேக்கரையும் விடாதீர்கள். சீசனின் முதல் பந்தயத்தையும் லாஸ் ஏஞ்சலிஸ் அஸ்காட் தடத்தில் நடந்த கடைசிப் பந்தயத்தையும் ஜெயித்தவர் அவர், நடுவில் டகோமா வேறு. போருக்குப் போய் விமானியாகப் பெயர் எடுத்ததால் அவருடைய பந்தய வருடங்களை மக்கள் மறந்துவிட்டார்கள்.

நீலப்பூஜோ:
நல்ல வேளை ரிக்கன்பேக்கரைச் சொன்னீர்கள். மே 30 இண்டியனாபொலிஸில் அவருடைய மேக்ஸ்வெல் கார் ஸ்டியரிங் கோளாறில் ஆரம்பத்திலேயே நின்றது. பிறகு அணித்தோழர் பீட் ஹெண்டர்சனின் காரில் ஏறினார், அந்தக் கார் ஆறாவதாக வந்தது. ஐட்கனுக்காகக் கணக்கைத் திருத்த வேண்டுமென்றால் இதையும் திருத்த வேண்டும், இன்னும் எத்தனை காரில் யார் யார் ஏறினார்கள் என்று எல்லாவற்றையும் தோண்ட வேண்டும். ஒருவருக்கு மட்டும் சலுகை காட்ட முடியாது.

பலகைத்தடம்:
தோண்டுங்கள், எனக்கு மறுப்பே இல்லை. 1956-இல் இத்தாலியின் மான்ஸாவில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் காலின்ஸ் தன் காரை அணித்தோழர் ஃபாஞ்சியோவிடம் கொடுத்தார், இரண்டாம் இடத்துக்கான ஆறு புள்ளியை ஆளுக்கு மூன்றாகப் பிரித்தார்கள், அந்தச் சீசனில் ஃபாஞ்சியோ சாம்பியன் ஆனார். யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை. ஓட்டியவனுக்கு ஓட்டிய அளவுக்குப் புள்ளி, இது எவ்வளவு தெளிவான வழி.

எண்கணக்கன்:
ஃபாஞ்சியோ கணக்கையே எடுத்துக்கொள்வோம். கிராண்ட் பிரைஸ் முதலிடப் புள்ளியை வில்காக்ஸுக்குப் பாதி, ஐட்கனுக்குப் பாதி என்று பிரித்தால் 660 இடைவெளி நிரம்புமா? நிரம்பாது. அந்த வருடத்தின் 300 மைல் பந்தயங்களில் முதலிடத்துக்குக் கிடைத்ததே ஆயிரத்துக்கு உள்ளேதான். முழுப் புள்ளியையும் ஐட்கனுக்கே எழுதி, வில்காக்ஸுக்கு ஒன்றும் இல்லை என்று வைத்தால்தான் பட்டம் மாறும். அப்படி எழுதுவது காரைக் கிளப்பி, ஐட்கனிடம் ஒப்படைத்த வில்காக்ஸுக்குச் செய்கிற அநியாயம். அவரும் சாதாரண ஆள் இல்லை, 1919 இண்டியனாபொலிஸை ஜெயித்தவர்.

நீலப்பூஜோ:
இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன். நீங்கள் எந்த நியாயமான முறையில் பிரித்தாலும் ரெஸ்டா முதலிடத்தில் நிற்கிறார். இன்னொரு விஷயம், 1909 முதல் 1915 வரையும் 1917 முதல் 1919 வரையும் சொல்லப்படும் சாம்பியன் பட்டங்கள் எல்லாம் 1920-களில் உட்கார்ந்து பழைய முடிவுகளை வைத்துப் போட்ட கணக்கு. அப்போது ஓட்டியவர்களுக்கு அப்படி ஒரு பட்டம் இருப்பதே தெரியாது. 1916 அப்படி இல்லை. ஓட்டியவர்களுக்கு விதி தெரிந்திருந்தது, எந்தப் பந்தயத்துக்குப் புள்ளி என்று பார்த்து ஓட்டினார்கள். அதனால் இதை நாம் இப்போது மாற்றி எழுதக் கூடாது, மற்ற வருடங்களை வேண்டுமானால் சண்டைபோட்டு மாற்றுங்கள்.

பலகைத்தடம்:
பாதியாகப் பிரித்தால் ரெஸ்டாதான், கணக்கு அப்படித்தான் வருகிறது. ஆனால் பாதி என்பது உங்கள் தேர்வு, கடைசி வரை ஓட்டி முடித்தவருக்குப் பெரும்பங்கு என்று ஒரு சங்கம் விதி வைத்தால் அதுவும் தப்பில்லை. எப்படிப் பிரித்தாலும் பூஜ்யம் மட்டும் வராது. வெற்றியாளர் பட்டியலில் பெயர் போட்ட மனிதனுக்குப் புள்ளிப் பட்டியலில் பூஜ்யம், இதற்கு உங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

எண்கணக்கன்:
பூஜ்யம் அதிகப்படி என்று நானும் நினைக்கிறேன். இரண்டாம் இடம் என்றே இருக்கட்டும், 3440-க்குப் பக்கத்தில் கிராண்ட் பிரைஸ் பங்கையும் சேர்த்து எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நீலப்பூஜோ:
எனக்கு ஆட்சேபம் உண்டு. பந்தயத்துக்கு முன் என்ன விதியோ அதுதான் பந்தயத்துக்குப் பின்னும். 3440 அப்படியே இருக்க வேண்டும்.